யாருக்கு எந்த நாற்காலி? – உளவியல் பட்டத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

அக்கா மகள் உளவியலில் இளங்கலை படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கல்லூரியில் கொடுத்ததென்று ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். இன்டர்ன்ஷிப், சான்றிதழ்ப் படிப்பு, கருத்தரங்கு, ஆய்வு உதவியாளர், தன்னார்வப் பணி என்று வாய்ப்புகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். "மாமா, இதுல எதைப் புடிச்சா வேலை கிடைக்கும்?" என்றாள். ஏற்கனவே ஒன்றைப் பிடித்துமிருந்தாள். பணம் கட்டிப் பதினைந்து நாள் கைப்பேசியில் வகுப்புக் கேட்டு, வழவழப்பான தாளில் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பதினைந்து நாளில் துன்பப்படுகிற மனுஷர் ஒருவரிடம்கூட அவள் பேசவில்லை.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். 'தமிழ் படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறே' என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஆகவே அவள் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியவில்லை. பதில் தேடிப் போனபோது ஒரு முரண் கண்ணில் பட்டது. 'இன்னாருக்கு இன்ன வேலை பொருந்தும்' என்று சொல்வதை ஓர் அறிவியலாக ஆக்கிக் காட்டிய துறை உளவியல். ஊரார் எல்லோருக்கும் நாற்காலி ஒதுக்கிக் கொடுத்த அந்தத் துறை, தன்னிடம் மூன்றாண்டு படித்துவிட்டு வெளியே வருகிறவருக்குப் பெயர் சொல்லி ஒரு நாற்காலி போட்டு வைக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது? இக்கேள்வியை வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2

உளவியல் தத்துவத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போன கதை பாடநூல்களில் உண்டு. 1879-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைக்கூடம் அமைத்தார், துறை பிறந்தது. பாடநூல்கள் இங்கிருந்து கோட்பாடுகளின் வரிசைக்குத் தாவிவிடும். சம்பளம் யார் கொடுத்தார்கள் என்கிற கதை அவற்றில் இருக்காது. இருந்தாலும் ஓரத்தில் இருக்கும்.

அக்கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. 1908 ஜனவரியில் ஃப்ராங்க் பார்சன்ஸ் என்பவர் அங்கே தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். இவர் உளவியலாளர் அல்லர். பொறியியல் படித்து, சட்டம் படித்து, சமூகச் சீர்திருத்தத்தில் இறங்கியவர். கப்பலில் வந்து இறங்கிய குடியேறிகளின் பிள்ளைகள் கிடைத்த வேலையில் விழுந்து நசுங்குவதைக் கண்டவர். உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் வைத்து யோசித்துப் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த மூன்று படி. அந்த ஆண்டே செப்டம்பரில் இறந்துபோனார். நூல் 1909-ல் வெளிவந்தது. இன்று கல்லூரிகளில் 'கேரியர் கைடன்ஸ்' என்று நடப்பதற்கெல்லாம் மூலம் இந்த மூன்று படிதான்.

பார்சன்ஸ் வேலை தேடி வந்தவனைப் பார்த்துப் பேசினார். பக்கத்திலேயே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஹ்யூகோ ம்யூன்ஸ்டர்பெர்க், வேலை கொடுக்கிறவனைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ட்ராம் வண்டிகள் ஆட்களை மோதிக்கொண்டிருந்தன. இழப்பீடு கொடுத்து நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. யாருடைய கவனம் சிதறாது என்று சோதனைக்கூடத்திலேயே கண்டுபிடித்து, அவனை மட்டும் ஓட்டுநராக அமர்த்தலாம் என்றார் ம்யூன்ஸ்டர்பெர்க். தொலைபேசி நிலையப் பெண்களுக்கும் இவ்வாறே சோதனைகள் வகுத்தார். தொழில்துறை உளவியலின் முதல் நூல்களில் ஒன்றான அவரது நூல் 1913-ல் ஆங்கிலத்தில் வந்தது. கேள்வி இடம் மாறிவிட்டதை இங்கே கவனிக்க வேண்டும். 'எனக்கு எந்த வேலை பொருந்தும்' என்பது ஐந்தே ஆண்டில் 'இந்த வேலைக்கு எவன் பொருந்துவான்' என்றாகிவிட்டது. சொற்கள் ஏறக்குறைய அவைதான். கேட்கிறவன் வேறு.

அடுத்த முதலாளி ராணுவம். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைவீரர்களைச் சோதித்தனர். எழுத்தறிவு உள்ளவர்களுக்கு 'ஆல்ஃபா', இல்லாதவர்களுக்கு 'பீட்டா'. சோதிக்கப்பட்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். ராணுவத்துக்கு இதனால் எவ்வளவு பயன் என்பது வாதத்துக்குரியது. உளவியலுக்குப் பயன் இருந்தது. அது தன்னை நாட்டுக்கு அறிமுகம் செய்துகொண்டது. 1921-ல் ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் உளவியலுக்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். 1923-ல் கார்ல் ப்ரிகம் அதே ராணுவப் புள்ளிவிவரங்களை வைத்து, வடஐரோப்பியர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்று புத்தகம் எழுதினார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று ஏற்கனவே கூக்குரல் எழுந்திருந்த நேரம். 1924-ல் சட்டம் வந்தது. 1930-ல் ப்ரிகம் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று தானே எழுதினார். சட்டம் அப்படியே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூன்றாவது முதலாளியாக மருத்துவமனை வந்தது. மனம் சிதைந்து திரும்பிய வீரர்களைக் கவனிக்க ஆள் வேண்டும். 1946-லிருந்து அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகம் உளவியலாளர் பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டியது. 1949-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் மாநாடு கூடி, மருத்துவ உளவியலாளர் என்று பெயர் போட்டுக்கொள்ள முனைவர் பட்டம் வேண்டும் என்று வரையறுத்தார்கள். நியாயம்தான். அரைகுறைப் பயிற்சியோடு ஒருவருடைய மனதைத் தொட விடக்கூடாது. ஆனால் இளங்கலை மாணவருக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டதும் அங்கேதான். அதன்பின் இளங்கலை உளவியல் என்பது தொழிலுக்கான பட்டமாக இல்லாமல், அடுத்த வாசலுக்குப் போக ஓர் அனுமதிச் சீட்டு என்றாயிற்று.

3

இந்தியாவுக்கு இந்தத் துறை எந்த வழியாக வந்தது? 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்குத் தனித்துறை தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ம்யூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். ட்ராம் ஓட்டுநர்களைச் சோதித்த அதே ம்யூன்ஸ்டர்பெர்க். 1924-ல் மைசூரில் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலஸ்வாமி லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். இதே கோபாலஸ்வாமிதான் 1935-ல் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் நடத்தி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவர். உளவியல் பேராசிரியர் ஒருவர் வகுப்பறையைத் தாண்டி எங்கெல்லாம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே உதாரணம் இருந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் பொறுப்பில் துறை தொடங்கியது 1943-ல்.

அதே 1943-ல் டேராடூனில் இன்னொன்றும் தொடங்கியது. இந்திய ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க, பிரிட்டனில் நடப்பிலிருந்த முறையைப் பின்பற்றிச் சோதனைமுறைத் தேர்வு வாரியம் ஒன்று. அந்த விதையே 1949-ல் உளவியல் ஆய்வுப் பிரிவாகி, 1982-ல் பாதுகாப்பு உளவியல் ஆய்வு நிறுவனமாகப் பெயர் பெற்றது. எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் போய் வந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். ஐந்து நாள், படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், சொல்லைக் காட்டி அடுத்த கணம் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். எழுதியதைப் படித்து முடிவு சொல்பவர்களில் ஒருவர் உளவியலாளர். இந்த நாட்டில் உளவியல் படித்தவருக்குப் பெயர்ப்பலகையோடு நாற்காலி போட்டுக்கொடுத்த ஆரம்பகாலப் பெரிய முதலாளிகளில் ராணுவம் ஒன்று. பார்சன்ஸின் கேள்வி இங்கே கப்பல் ஏறவில்லை. ம்யூன்ஸ்டர்பெர்க்கின் கேள்விதான் ஏறி வந்தது.

4

ஆனால் கதையை இதோடு முடித்துவிட்டால் நம் மண்ணை மறந்தவர்களாவோம். பிறப்பிலேயே வேலை முடிவாகிவிடும் ஒரு சமூகத்தில், 'உனக்கு எந்த வேலை பொருந்தும்' என்று ஒரு பிள்ளையைக் கேட்பதற்கே ஒரு கலகத்தன்மை உண்டு.

1953-ல் என் பெரியப்பா மூன்றாம் வகுப்பு. ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் பெயர் சூட்டியது, அந்த ஆண்டு கிராமப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதிப் பொழுது அப்பன் தொழில். தாத்தாவுக்குத் தொழில் பானை வனைவது. "காலைல சிலேட்டு, மத்தியானம் மண்ணு மிதி" என்று பெரியப்பா சொல்லுவார். வாத்தியார் யாரும் அவரை 'உனக்கு என்ன வரும்' என்று கேட்டதில்லை. என்ன வரும் என்பது பிறந்த அன்றே ஊருக்குத் தெரியும். எதிர்ப்பு வலுத்து, ராஜாஜி விலகி, 1954-ல் காமராஜர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. பெரியப்பா பிறகு எட்டாவது வரை போனார்.

இன்னொரு செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1952–53-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார். மாணவரின் இயல்புக்கும் நாட்டத்துக்கும் ஏற்பப் பலவகைப் பாடப்பிரிவுகள் வேண்டும், பள்ளிகளில் வழிகாட்டு அலுவலர்கள் வேண்டும் என்றது அக்குழு. 1954-ல் மத்திய அரசு தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கான மத்திய அமைப்பை நிறுவியது. சென்னை மாகாணத்தில் அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டிவிடும் திட்டம் செத்த அதே ஆண்டு, பிள்ளையின் நாட்டத்தை அளந்து சொல்லும் அமைப்பு தில்லியில் பிறந்திருக்கிறது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே கேள்விக்கான எதிரெதிர் விடைகள்.

இந்த இடத்தில் உளவியல் சோதனையை வெறும் அதிகாரக் கருவி என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. பிறப்பை நம்பாமல் அளவுகோலை நம்புகிறேன் என்றது அது. பெரியப்பாவுக்கு அப்படியொரு அளவுகோல் கிடைத்திருந்தால் அவர் வேண்டாமென்றிருக்க மாட்டார். அதேசமயம், ப்ரிகமின் புத்தகத்தையும் மறக்க முடியாது. 'உள்ளார்ந்த திறன்' என்கிற சொல்லுக்குள் பிறப்பு இன்னொரு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யாருடைய மொழியில் கேள்வி, யார் வீட்டில் புத்தகம் இருந்தது, யார் காலையில் மண் மிதித்துவிட்டு வந்து தேர்வு எழுதினான் என்பவற்றை மதிப்பெண் சொல்லாது. இந்த இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்தவர் தேவை. அதற்கு மிகவும் தோதானவர் அந்தச் சோதனைகளை வகுப்பிலேயே கற்கிற உளவியல் மாணவர்தான்.

5

வளாகம் மாணவருக்கு என்ன கொடுக்கிறது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலில் கிடைக்கும் வாய்ப்பு சோதிக்கப்படும் வாய்ப்பு. அறிமுக வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் ஆராய்ச்சிகளுக்குப் 'பங்கேற்பாளர்'களாக உட்கார்வது அங்கே நீண்டகால வழக்கம். மனித மனம் என்று பாடநூல் எழுதிவைத்ததில் பெரும்பகுதி பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பிள்ளைகளின் மனம் என்கிற குற்றச்சாட்டு 1940-களிலேயே எழுந்துவிட்டது. 2010-ல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை இதை உலக அளவில் விரித்தது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவர்களில் 96 சதவீதத்தினர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதத்தைக் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று அது காட்டியது. அக்கா மகள் மனப்பாடம் செய்கிற 'மனிதன்' இந்தப் பன்னிரண்டில் உள்ளவன். அவளுடைய ஆத்தாவோ பெரியப்பாவோ அதில் இல்லை.

இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊர் இளங்கலை மாணவர் செய்யக்கூடிய ஆராய்ச்சி நிரம்பக் காத்துக்கிடக்கிறது என்றும் இதற்குப் பொருள். துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதும், கோயிலில் சாமி வந்து ஆடுவதும், பத்தாம் வகுப்புத் தேர்வுமுடிவு நாளில் வீட்டில் நடப்பதும் எந்தப் பாடநூலிலும் சரியாக எழுதப்படவில்லை.

6

1956 டிசம்பரில் பாரிஸில் ஜார்ஜ் கங்கிலெம் 'உளவியல் என்றால் என்ன?' என்று ஓர் உரை நிகழ்த்தினார். அதன் முடிவில் உளவியலாளருக்கு அவர் ஒரு வழிகாட்டுதல் சொல்கிறார். எனக்குத் தெரிந்து உளவியல் மாணவருக்குத் தரப்பட்ட மிகக் கசப்பான தொழில் ஆலோசனை அதுதான். சோர்போன் பல்கலைக்கழகத்திலிருந்து சேன்-ஷாக் தெரு வழியாக வெளியே வந்தால் இரண்டு பக்கம் போகலாம். மேலே ஏறினால் பெருந்தகைகளை அடக்கம் செய்த பாந்தியோன் பக்கம் வரும். கீழே இறங்கினால் போலீஸ் தலைமையகம். எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்காமல் கேட்டார் கங்கிலெம்.

இந்த உரையை நம் சிறுபத்திரிகைக்காரர்கள் ரசிப்பார்கள். அதிகாரம், கண்காணிப்பு என்று உடனே ஆரம்பித்துவிடுவோம். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். நாம் வரிக்கு வரி மேற்கோள் காட்டுகிற மிஷெல் ஃபூக்கோ உளவியல் பட்டதாரி. 1949-ல் உளவியலில் இளநிலைப் பட்டம். 1952-ல் மனநோய்க்கூறு உளவியலில் டிப்ளமோ. அக்காலத்தில் அவர் சேன்ட்-ஆன் மனநல மருத்துவமனையிலும் ஃப்ரெஸ்ன் சிறையிலும் உளவியலாளராக வேலை பழகினார். இன்றைய மொழியில் சொன்னால் இன்டர்ன்ஷிப். மருத்துவமனையில் மருத்துவருமில்லை, நோயாளியுமில்லை. சிறையில் காவலருமில்லை, கைதியுமில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று பார்த்தவர். 1961-ல் பைத்தியத்தின் வரலாறும், 1975-ல் சிறையின் வரலாறும் எழுதினார். முதலாவதை ஆய்வேடாகப் பரிசீலித்து அறிக்கை தந்தவர் அதே கங்கிலெம். போலீஸ் தலைமையகம் இருக்கும் திசையில் இறங்கிப் போன ஒருவர், கையில் குறிப்புகளோடு திரும்பி வந்திருக்கிறார்.

ஆகவே வேலை பழகப் போகிற இடத்தை வைத்து ஒருவரைத் தீர்ப்பிட முடியாது. போகிற இடத்தில் அவர் யாருக்காகக் கேட்கிறார், யாருக்காக எழுதுகிறார் என்பதுதான் விஷயம்.

7

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற இடத்துக்குப் போகாதே. மனுஷர் இருக்கிற இடத்துக்குப் போ. தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா' தன்னார்வலர்களை வைத்தே நடப்பது. கேட்கப் பழகுவதுதான் அங்கே பயிற்சி. மனச்சிதைவு நோய்க்காக 1984-ல் சாரதா மேனன் முயற்சியில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' இருக்கிறது. தெருவில் அலைந்த பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய 'பேன்யன்' இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. அப்புறமும் 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களிடம் பேச ஆள் இருந்ததா என்று கேட்டுப் பார். உன் பாடத்தின் வரலாற்றில் லைப்ஸிக்கைப் போல ஏர்வாடியும் ஓர் ஊர்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அதெல்லாம் சரி மாமா, சம்பளம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. 1992-ல் வந்த மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற நெடுங்காலம் இருந்த வழி, முதுகலைக்குப் பின் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதையே தன் வரையறைக்குள் வைத்தது. மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு. இடங்களோ கொஞ்சம். 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. நாற்காலிகளுக்குப் பெயர் எழுதும் வேலை இப்போதுதான் நடக்கிறது. அரைகுறைகளிடமிருந்து நோயாளியைக் காக்க இந்த வாசல்கள் வேண்டும். ஆனால் ஏழு ஆண்டு சம்பாதிக்காமல் பிள்ளையை வைத்துச் சோறுபோட எந்த வீட்டால் முடியும்? வாசலில் நின்று வடிகட்டுவது திறன் மட்டுமா? குலத்தை வெளியேற்றிய இடத்தில் காசு வந்து காவலுக்கு நிற்கிறது. எவை எவர் வீட்டில் சேர்ந்தே இருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உதவித்தொகையோடு பயிற்சி என்று யாரும் கேட்காமல், 'வாய்ப்புகள்' என்று தாள் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் அவளைச் சேப்பாக்கம் வளாகத்துக்குக் கூட்டிப்போனேன், முதுகலை பற்றி விசாரிக்க. வெளியே வந்து காமராஜர் சாலையில் நின்றோம். கங்கிலெம் ஞாபகம் வந்தது. இங்கேயும் இடப்பக்கம் போனால் கோட்டை, தலைமைச் செயலகம். வலப்பக்கம் போனால், கொஞ்ச தூரத்தில், காவல்துறைத் தலைமையகம். எதிர்ப்பக்கம் கடற்கரையில் உழைப்பாளர் சிலை. நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவளிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "பஸ் எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டாள்.